ஐந்து கிராமும் ஒரு கையெழுத்தும்

எல்லையோரத்து வக்கீலம்மா பதில்கள்

சென்ற இதழில், தமிழ்நாடு-கேரள எல்லைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும் ஒரே தென்னந்தோப்பின் பட்டாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் பற்றித்தான் கடிதம் வரும் என்று பார்த்தால், வந்த உறைகளில் பாதி வேறு விஷயம். பவுடர், பொடி, பிரவுன் சுகர், மாத்திரை என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் பெயரே போடவில்லை. ஒருவர் பெயரைப் போட்டு, அப்புறம் மையால் அடித்திருக்கிறார். அதனால் இந்த முறை ஊர்ப் பெயர் மட்டும்.

கே: என் மகனுக்கு 22 வயது. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. போன மாசியில் வேலந்தாவளத்தில் கேரள எக்சைஸ் (கலால்) துறைக்காரர்கள் பைக்கை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து மூன்று பொட்டலம் எடுத்தார்கள். பிரவுன் சுகராம். 1.8 கிராம் என்று எழுதியிருக்கிறது. அன்றிரவே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்கிறார் ஒரு குமாஸ்தா. பையனுக்குத் துபாயில் வேலை கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. கட்டிவிடலாமா அம்மா?
— ஒரு தாய், வண்ணாமடை

ப: கட்டாதீர்கள். குமாஸ்தா பொய் சொல்லவில்லை, ஒரே நாளில் முடிந்துதான் போகும். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டு கட்டுகிற அபராதம் மாதிரி நினைத்துவிட வேண்டாம். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அதற்குச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் என்று பெயர். பாஸ்போர்ட் அதனால் நின்றுவிடாது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் சரிதான். இரண்டு வருடமும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கான தடை இவனுக்குப் பொருந்தாது. ஆனால் வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வீர்கள்? அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவான்? நாளைக்கு இன்னொரு முறை மாட்டினால், பழைய தண்டனையைக் காட்டி உச்சபட்ச தண்டனையை ஒன்றரை மடங்காக்க 31-வது பிரிவு காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. அவர்களுக்கு அடுத்த கட்சிக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், நாங்கள் என்.டி.பி.எஸ். என்பது, எல்லாம் கிராம்தான். ஹெராயின் 5 கிராமுக்குள் இருந்தால் சிறு அளவு: ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 வருடம், கூடினால் 20 வருடம், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். நடுவில் இருப்பதற்கு 10 வருடம் வரை, ஒரு லட்சம் வரை. உங்கள் பையன் இருப்பது முதல் படியில். பிரவுன் சுகர் என்றால் வேறு ஏதோ லேசான சரக்கு என்று ஊரில் நினைப்பு உண்டு. அதுவும் ஹெராயின்தான், சுத்தம் செய்யாத கலப்படச் சரக்கு. சட்டத்துக்கு இரண்டும் ஒன்று.

இந்தப் படிகள் எப்போதும் இருந்தவை இல்லை. நான் கறுப்பு கோட்டு போட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம், 1997. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளு இறக்குகிற ஒருவரின் மகன் 2 கிராமோடு பிடிபட்டான். அன்றைக்குச் சட்டத்தில் ஹெராயினுக்குச் சிறு அளவு என்பது 250 மில்லிகிராம், அதுவும் சொந்த உபயோகத்துக்கு என்று நாமே நிரூபிக்க வேண்டும். அதற்கு மேலே போனால் நேராகப் பத்து வருடம், ஒரு லட்சம் அபராதம், நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. பத்து வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீடு போட்டோம். அது நிலுவையில் இருக்கும்போதே 2001 அக்டோபர் 2-ஆம் தேதி சட்டம் திருத்தப்பட்டு, இப்போதைய கிராம் படிகள் வந்தன. விசாரணையில் இருந்த வழக்குகளுக்கெல்லாம் புதுச் சலுகை உண்டு, மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்று திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். அது சரிதான் என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே. அவன் வழக்கு விசாரணையில் இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால் தப்பியிருப்பான். நான்தான் வாய்தா வாங்காமல் சீக்கிரம் முடித்துக் கொடுத்தேன், நல்ல வக்கீல் என்று பெயர் வாங்க. அவன் அம்மா மாதம் ஒரு முறை விய்யூர் சிறைக்குப் பஸ் ஏறுவார். போகிற வழியில் என் வீட்டில் இறங்கி, "ஏதாவது வந்துச்சாங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். வந்ததே இல்லை. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அம்மாள் வாசலில் நிற்பது போலத்தான் இருக்கும்.

சரி, உங்கள் பையனுக்கு என்ன வழி? ஒரு கேள்விக்கு நீங்கள் கடிதத்தில் பதில் எழுதவில்லை. அவன் அதைப் பழகிவிட்டானா? அடிக்கடி மூக்கு ஒழுகுகிறதா, கொட்டாவி விடுகிறானா, குளிர்ந்தது போல நடுங்கி, கை கால் முறுக்குகிறது, வயிறு கழிகிறது என்கிறானா? அப்படியானால் 64ஏ என்ற பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழகிப்போன ஒருவர், சிறு அளவு வழக்கிலோ உபயோகித்த வழக்கிலோ மாட்டியிருந்து, தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கில் அவர் மீது நடவடிக்கை கூடாது. இந்தப் பிரிவு புத்தகத்தில் ஆண்டுக்கணக்காகத் தூங்குகிறது. நாங்கள் கேட்டால்தான் விழிக்கும். பாதியில் சிகிச்சையை விட்டு ஓடினால் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அதையும் அவனிடம் சொல்லுங்கள். ஒருவேளை தண்டனையே வந்தாலும், 39-வது பிரிவின்படி சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

கேரளத்தில் எக்சைஸ் துறையே 'விமுக்தி' என்ற பெயரில் மாவட்டத்துக்கு ஒரு மையம் வைத்திருக்கிறது. பாலக்காட்டுக்கு உரியது அட்டப்பாடியில், கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போகலாம். 14405 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஹெராயின் பழக்கத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற ஒரு மாத்திரை கொடுப்பார்கள், பூப்ரெனார்ஃபின். அதே மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் பையில் இருந்தால் அது தனி வழக்கு, ஒரு கிராம்தான் சிறு அளவு. அங்கேயே கொடுத்தால் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.

சட்டத்துக்கு வெளியே ஒன்று. சிகிச்சையோ சிறையோ முடிந்து சில வாரம் கழித்து வருபவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு போட்ட அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். என் கட்சிக்காரர்களில் இரண்டு பேரை அப்படித்தான் இழந்தேன், இரண்டு பேரும் வழக்கில் விடுதலை ஆனவர்கள்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வேண்டும் என்றால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மனு போட்டு அனுமதி வாங்கலாம். 1993-இலிருந்து அதற்கு அறிவிப்பு இருக்கிறது. துபாய் வேலை இரண்டு மாதம் தள்ளிப் போகட்டும்.

கே: என் தம்பியைப் பொள்ளாச்சியில் பிடித்து கோவை சிறையில் வைத்திருக்கிறார்கள். 262 கிராம் ஹெராயின் என்று வழக்கு. ஆனால் அதில் முக்கால்வாசி ஏதோ வெள்ளைப் பொடிதான் கலந்திருக்கிறது என்று அவனே சொல்கிறான். லேப் ரிப்போர்ட்டில் உண்மையான சரக்கு கொஞ்சம்தான் என்று வந்தால் 250-க்குக் கீழே இறங்கிவிடும் அல்லவா?
— மீனாட்சிபுரம்

ப: இறங்காது. ஆனால் உங்கள் கணக்கை ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே போட்டது. கேரளத்தில் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலான ஹெராயினோடு ஒருவர் பிடிபட்டார். சோதித்துப் பார்த்தால் அதில் சுத்தச் சரக்கு ஒன்றரை சதவீதம் அளவுதான், கூட்டிப் பார்த்தால் 60 கிராம். மீதியெல்லாம் கலப்படம். 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்த 60 கிராமைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் எங்கள் ஜாமீன் மனுக்களில் முதல் பத்தியே அந்தத் தீர்ப்புதான். 2020 ஏப்ரலில், ஹீரா சிங் வழக்கில், மூன்று நீதிபதிகள் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். கலந்திருப்பதையும் சேர்த்து மொத்த எடைதான் கணக்கு. தெருவில் விற்பது எப்போதும் கலப்படம்தானே, சுத்தச் சரக்கை மட்டும் எடை போட்டால் வியாபாரி எல்லாம் சிறு அளவுக்காரன் ஆகிவிடுவான் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. கூலிக்குத் தூக்குகிறவனும் முதலாளியும் ஒரே தராசில் ஏறுகிறார்கள். ஆனால் அது சட்டம்.

ஆனால் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த 262 கிராம் உறையோடா, உறை இல்லாமலா? பாலிதீன் பை, அதற்கு மேலே காக்கித் தாள், அதைச் சுற்றிப் பிளாஸ்டர். கலப்படம் கணக்கில் சேரும், பிளாஸ்டிக் பை சேராது. மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய காகிதத்தை எடுத்து, மொத்த எடை என்று எழுதியிருக்கிறதா, நிகர எடை என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்தபோது என்ன எடை எழுதினார்கள் என்று அதோடு ஒப்பிடுங்கள். உறை 12 கிராமுக்கு மேல் இருந்தால் தம்பி வேறு ஒரு ஜாமீன் வழக்கில் நிற்கிறான். பத்து வருடத்துக்குக் குறையாத தண்டனையா, அதிகபட்சம் பத்து வருடமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வணிக அளவில் நின்றுவிட்டால் ஜாமீன் கடினம். அரசு வக்கீல் எதிர்த்தால், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே போனால் இதே குற்றத்தைச் செய்ய மாட்டான் என்று நீதிபதிக்கு இரண்டும் திருப்தியாக வேண்டும். ஜாமீன் கட்டத்திலேயே இதை யாரால் காட்ட முடியும்? மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிற 52ஏ பிரிவை மீறினார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அந்த மீறல் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவற்றோடு சேர்ந்தால் உதவும்.

அப்புறம் நாட்களை எண்ணுங்கள். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை போட 180 நாள் அவகாசம். அரசு வக்கீல் காரணம் காட்டி, நீதிமன்றம் நீட்டித்தால் ஒரு வருடம் வரை போகலாம். நீட்டிக்காமல் 180 நாள் தாண்டிவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே நம் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மனுவை முந்தின நாளே தட்டச்சு செய்து, கையெழுத்தோடு வைத்துக்கொண்டு, காலையில் கோர்ட் திறந்ததும் கொடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போன ஒருவரை எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்தபோது குற்றப்பத்திரிகை மேஜையில் இருந்தது.

கே: நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். என் மைத்துனர் கேரளத்துப் பக்கம் மாட்டிக்கொண்டார். எல்லாக் காகிதமும் மலையாளத்தில். படிக்காமலே ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நான் விற்பனைக்கு வைத்திருந்தேன்" என்று அதில் ஒரு வாக்குமூலமும் இருக்கிறதாம். அவ்வளவுதானா?
— கோபாலபுரம்

ப: அவ்வளவுதான் இல்லை. வாக்குமூலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே ஆட்களை உள்ளே தள்ளிய காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஹெராயின் வழக்கு ஒன்றில்தான், தூஃபான் சிங் வழக்கு என்பார்கள், 2020 அக்டோபரில் அது முடிந்தது. அந்த அதிகாரிகளும் போலீஸ் மாதிரிதான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. அதனால் உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதப்பட்ட வரியை வைத்து மட்டும் தண்டிக்க முடியாது. எடுக்கப்பட்ட பொருள் வேறு விஷயம். பொருள் கையில் இருந்தது என்று நிரூபணமானால், அது எப்படி வந்தது என்று நாம்தான் விளக்க வேண்டும். மற்ற சட்டங்களைப் போல அல்ல இது.

இனி மொழி. எல்லையில் இருக்கிற நமக்கெல்லாம் மலையாளம் பேச வரும். பத்து வயதிலிருந்து சந்தையில் பேசுகிறோம். எழுத்து என்று வந்தால் பஸ் போர்டு வரைக்கும்தான். இந்த வித்தியாசம் அதிகாரிகளுக்குப் புரிவதில்லை. "நல்லா மலையாளம் பேசினானே" என்று குறுக்கு விசாரணையில் ஓர் அதிகாரி என்னிடமே சொன்னார். கையில் இருந்த மகஜரைக் காட்டி, "இதைக் கொஞ்சம் தமிழில் எழுதியிருந்தால் நீங்கள் படிப்பீர்களா?" என்று கேட்டேன். அவரும் தமிழ் நன்றாகப் பேசுகிறவர்தான். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மைத்துனருக்குத் தமிழில் ஏதாவது காகிதம் கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

சோதனை போட்ட விதத்தையும் கேளுங்கள். உடம்பைச் சோதிப்பதானால், மாஜிஸ்திரேட் முன்போ கெஜட்டட் அதிகாரி முன்போ சோதிக்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது 50-வது பிரிவு. சும்மா சம்பிரதாயம் இல்லை, கறாராகப் பின்பற்ற வேண்டியது. ஆனால் கைப்பையிலோ பைக் பெட்டியிலோ எடுத்ததற்கு இந்தப் பிரிவு வராது. சட்டைப் பையா, துணிப் பையா? வீட்டில் யாரும் இதைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், தமிழில் போடுங்கள். கையெழுத்துக்கு மேலே "எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது" என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால், மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கே: அதே போன்ற வழக்கில் எங்கள் பையனுக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர் கேரளத்தில் நிலம் உள்ளவராக இருக்க வேண்டுமாம். எங்களுக்கு உடுமலையில்தான் நிலம்.
— உடுமலைப்பேட்டை

ப: 1978-இல் ஒரு கொத்தனாருக்கு இதே கதை. உடன்பிறந்தவர் ஜாமீனுக்கு வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அந்த மோதி ராம் வழக்கை விசாரித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் பாலக்காட்டில் பிறந்தவர். ஒரு மலையாளியோ தமிழனோ தெலுங்கனோ எங்கோ தூரத்தில் கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான் என்று கேட்டார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விட்டார். தீர்ப்பு எழுதியவரின் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இன்னும் அதே கேள்வியை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தத் தீர்ப்பைக் காட்டி நிபந்தனையை மாற்றச் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். உடுமலைத் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி அதோடு இணையுங்கள்.

கே: தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். டிரைவர் வழியில் ஒருவரை ஏற்றியிருக்கிறார். அவர் பையில் பவுடர் இருந்ததாம். வண்டி எட்டு மாதமாக வெயிலில் நிற்கிறது. இன்னும் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறேன். போனது போனதுதானா?
— எருத்தேம்பதி

ப: இல்லை. அசாமில் ஒரு லாரி உரிமையாளருக்கும் இதேதான் நடந்தது. லாரியில் ஏறிய ஒருவர் சோப்பு டப்பாக்களில் 24.8 கிராம் ஹெராயின் வைத்திருந்தார். லாரியை உரிமையாளரிடம் இடைக்காலமாகக் கொடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரணை முடிகிறவரை வண்டியை நிறுத்தி வைத்தால் யாருக்கும் பயன் இல்லை, துருதான் பிடிக்கும். கடைசியில் வண்டியைப் பறிமுதல் செய்யாமல் இருக்க, உங்களுக்கும் டிரைவருக்கும் தெரியாமல் நடந்தது, முடிந்த அளவு ஜாக்கிரதையாக இருந்தீர்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். வழியில் ஆள் ஏற்றக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எழுத்தில் இருக்கிறதா? இருக்காது, யாரிடமும் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்றைக்காவது திட்டி அனுப்பிய செய்தி இருந்தால் அதைக்கூட எடுத்து வையுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் காகிதத்தோடு சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்புக்கு மனுப் போடுங்கள்.

கே: அம்மாவுக்குப் புற்றுநோய். பாலக்காட்டில் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) கிளினிக்கில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவைப் பொள்ளாச்சியில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். செக்போஸ்டில் பிடித்தால் என்ன செய்வது என்று, மாத்திரையை அரிசிப் பைக்குள் ஒளித்து வைத்துக் கொண்டு வந்தேன். அம்மா போன வாரம் போய்விட்டார்கள். இன்னும் 14 மாத்திரை இருக்கிறது. தப்பு செய்துவிட்டேனா?
— பொள்ளாச்சி

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மார்ஃபினும் ஹெராயினும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபினை நோயாளிக்காக வைத்திருப்பது குற்றம் அல்ல, எல்லை தாண்டினாலும் அல்ல. 2014-இல் சட்டத்தைத் திருத்தியதே, போலீஸுக்குப் பயந்து டாக்டர்களும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைக்காமல், மனிதர்கள் வலியில் கத்திச் சாகிறார்கள் என்பதால்தான். இந்த விஷயத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வேலையால் கேரளம் நாட்டுக்கே முன்னால் போனது. பாலியேட்டிவ் கிளினிக் அட்டையும் டாக்டர் சீட்டும் கூட வைத்திருந்தால் போதும். அரிசிப் பையில் ஒளித்ததுதான் பார்ப்பவருக்குச் சந்தேகம் கொடுத்திருக்கும். அடுத்து யாராவது இப்படிக் கொண்டு போவதானால் சீட்டோடு மேலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அந்த 14 மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள், வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். முதுகு வலிக்கிறது என்று யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். எண்ணி, ஒரு தாளில் எழுதி, கொடுத்த கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் கையெழுத்து ஒன்று. போகும்போது அம்மாவின் அட்டையையும் எடுத்துப் போங்கள், அவர்கள் நோட்டில் அம்மா பெயரை முடித்து வைக்க வேண்டியிருக்கும்.

கே: முதுகு வலிக்கு டிரமடால் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் துபாய்க்கு மகன் வீட்டுக்குப் போகிறேன். ஒரு மாதத்துக்கு எடுத்துப் போகலாமா?
— நெம்மாறை

ப: 2018 ஏப்ரலிலிருந்து டிரமடால் நம் நாட்டிலும் இதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. சீட்டு இருந்தால் இங்கே பயமில்லை. அங்கே சீட்டு மட்டும் போதாது, கிளம்பும் முன்பே அந்த நாட்டு அரசின் அனுமதி வாங்க வேண்டும். மகனிடம் சொல்லி இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "இதையும் என் தங்கச்சிக்குக் கொடுத்துடுங்க" என்று ஒரு பொட்டலம் நீட்டுவார். வாங்காதீர்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

கே: (பெயரும் ஊரும் இல்லை. இன்லண்ட் லெட்டர், கொழிஞ்சாம்பாறைத் தபால் முத்திரை.) என் கணவர் விற்கிறார். முதலில் அவரே போட்டுக்கொண்டிருந்தார், இப்போது பையன்களுக்கும் கொடுக்கிறார். பணத்தை என்னிடம்தான் கொடுத்து வைக்கச் சொல்கிறார். யாரிடமாவது சொன்னால் நான் சொன்னேன் என்று தெரிந்துவிடுமா? நானும் உள்ளே போவேனா?

ப: தங்கச்சி, இரண்டு கேள்விக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன், இது யார் கையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியை யாரும் வற்புறுத்த முடியாது, நீதிமன்றத்தில்கூட. 68-வது பிரிவு. தமிழ்நாட்டில் 10581 என்ற தொலைபேசி எண், கேரளத்தில் எக்சைஸ் அலுவலகம். பெயர் சொல்லாமலே பேசலாம், உங்கள் போனிலிருந்து பேச வேண்டாம்.

இரண்டாவது. தெரிந்தே அந்தப் பணத்தை வைத்திருந்தால் 27பி என்று ஒரு பிரிவு, மூன்று வருடத்திலிருந்து ஆரம்பம். அந்தப் பணத்தில் அடுத்த சரக்கு வாங்கக் கொடுப்பது, விற்பவரை மறைத்து வைப்பது, இதற்கெல்லாம் 27ஏ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அதில் கிராம் கணக்குக் கிடையாது. பத்து வருடத்திலிருந்து ஆரம்பம். வீட்டை இதற்குப் பயன்படுத்தத் தெரிந்தே விட்டாலும் வழக்கு உண்டு. அந்தப் பணத்தை இன்றிலிருந்து கையால் தொடாதீர்கள். பயந்துதான் வைத்திருந்தேன் என்று பின்னால் சொல்ல உங்களுக்கு ஒரு சாட்சி வேண்டும். அம்மா வீட்டிலோ, நம்புகிற ஒருவரிடமோ இன்றைக்கே சொல்லி வையுங்கள். பதினெட்டு வயது ஆகாத பையன்களை இதில் இழுத்தால் அதற்குச் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை தனியாக இருக்கிறது, அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, அதனால் என் முகவரியை இங்கே அச்சடிக்க முடியாது. முத்திரை கொழிஞ்சாம்பாறை என்பதால் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். பெண்கள் யார் வந்தாலும் நில விஷயமாக வந்ததாகத்தான் என் குமாஸ்தா நோட்டில் எழுதுவார். பட்டா காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.